நம்ம குரூப்புக்கு டீ-ஷர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வசிப்பவர்களும், இங்கே பிறந்து வளர்ந்து இப்போது வேறு ஊர்களில் இருப்பவர்களும் சேர்ந்த ஒரு டெலிகிராம் குழுவில் டீ-ஷர்ட் வேலையைப் பார்த்துக்கொள்பவள் நான். பழைய படங்கள், தெருக்களின் கதை, கால்பந்து, கேரம் என்று ஓயாமல் பேசும் குழு. டீ-ஷர்ட் பேச்சை எடுத்தால் போதும், ஒரே சந்தேகங்கள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வரும். மற்ற குழுக்களை நடத்துபவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

அக்கா, குரூப்புக்கு டீ-ஷர்ட் அடிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

தலைகளை எண்ணுவதிலிருந்து. எல்லோரும் டிசைனில்தான் ஆரம்பிக்க ஆசைப்படுவார்கள். அப்படிச் செய்தால் கறுப்பா நீலமா என்றே ஒரு மாதம் ஓடிவிடும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரிந்தால்தான் எந்த முறையில் அச்சடிப்பது, எங்கே கொடுப்பது, என்ன விலை வரும் என்பதெல்லாம் முடிவாகும்.

‘எனக்கு ஒண்ணு’ என்று கை தூக்குபவர்களின் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். ஆர்வத்தில் தூக்கிய கை அது, பணம் கட்டிய கை வேறு. அச்சகத்தில் விலை கேட்கும்போது 25, 50, 100 என்று மூன்று எண்ணிக்கைக்கும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, இந்த வேலையை ஒருவரே சுமக்கக் கூடாது. பணக் கணக்கு ஒருவரிடம், சைஸ் பட்டியல் இன்னொருவரிடம் இருக்கட்டும். இரண்டு பட்டியலும் பொருந்தினால்தான் ஆர்டர்.

பத்துப் பன்னெண்டு பேர்தான் இருக்கோம். அவ்ளோ கம்மியா அடிச்சுத் தருவாங்களா?

தருவார்கள், ஆனால் முறை மாறும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் (மையைத் துணியில் இறக்கும் வலைச் சட்டம்) செய்ய வேண்டும். பத்துச் சட்டை அடித்தாலும் நூறு சட்டை அடித்தாலும் அந்த வேலை ஒன்றுதான். ஒரு ஸ்கிரீனுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சட்டை என்றால் தலைக்கு 40 ரூபாய், 100 சட்டை என்றால் 4 ரூபாய். மூன்று நிற டிசைன் என்றால் இதை மூன்றால் பெருக்குங்கள். ஆள் குறைவாக இருந்தால் டிடிஎஃப் (டிசைனை ஃபிலிமில் அடித்துத் துணியில் ஒட்டும் முறை) கேளுங்கள். அதில் ஸ்கிரீன் கிடையாது. எத்தனை நிறம் இருந்தாலும் கவலையில்லை, ஒரே ஒரு சட்டைகூட அடிக்கலாம்.

ஸ்கிரீன், டிடிஎஃப், சப்ளிமேஷன்னு என்னென்னமோ சொல்றாங்க. எதுதான் நல்லது?

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை துணியின் மேல் நேரடியாக இறங்குகிறது. சரியாகச் சூடு காட்டியிருந்தால் (பிளாஸ்டிசால் என்ற வகை மைக்குச் சுமார் 160 டிகிரி) சட்டை நைந்தாலும் எழுத்து நிற்கும். டிடிஎஃப்-இல் டிசைனை ஒரு ஃபிலிமில் அடித்து, பசைப் பொடி தூவி, ஹீட் பிரஸ்ஸில் வைத்துத் துணியில் ஒட்டுகிறார்கள். நிறங்கள் பளிச்சென்று வரும். ஆனால் நெஞ்சு முழுக்க அடைத்த மாதிரி பெரிய படம் போட்டால் அந்த இடத்தில் காற்றுப் போகாது. நம் ஊர் மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்தால் தெரியும். டிடிஎஃப் என்றால் டிசைனைச் சின்னதாக, இடையிடையே வெற்றிடம் விட்டு வரையச் சொல்லுங்கள்.

சப்ளிமேஷன், அதாவது சூட்டில் சாயத்தை ஆவியாக்கி இழைக்குள் ஏற்றும் முறை, பாலியஸ்டர் துணிக்கு, அதுவும் வெளிர் நிறத்துக்கு மட்டுமே. கால்பந்து, கபடி ஜெர்சிகளுக்குச் சரி. காட்டனில் அது பிடிக்காது. எம்ப்ராய்டரி காலர் வைத்த சட்டைக்கும் சின்ன லோகோவுக்கும் அழகு.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறத் துணியில் ஸ்கிரீன் அடிக்கும்போது, நிறம் எடுப்பாகத் தெரிய முதலில் அடியில் வெள்ளை அடிப்பார்கள். அதற்கும் ஒரு ஸ்கிரீன். இரண்டு நிற டிசைனுக்கு மூன்று ஸ்கிரீன் காசு கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

180 ஜிஎஸ்எம், 220 ஜிஎஸ்எம்னா என்ன? அதிகமா இருந்தா ஒசத்தியா?

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். துணியின் கனத்தைச் சொல்லுமே தவிரத் தரத்தைச் சொல்லாது. 140-க்குக் கீழே போனால் உள்ளே போட்ட பனியன் தெரியும். 220-க்கு மேலே கனம். தோள் இறங்கிய ஓவர்சைஸ் சட்டைகளுக்கு அந்தக் கனம் வேண்டும், கடற்கரைப் புழுக்கத்தில் தினமும் போடுவதற்கு வேண்டாம். நம் குழுவுக்கு எப்போதும் 180, ரவுண்ட் நெக், முழுக் காட்டன், பயோ வாஷ் செய்தது. பயோ வாஷ் என்றால் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு இழைகளை என்சைம் போட்டு நீக்குவது. அதைச் செய்யாத துணி சீக்கிரம் பொரி பொரியாகக் கிளம்பிவிடும்.

சுருங்குமா என்றும் கேட்டுவிடுங்கள். முன்கூட்டியே சுருக்கம் எடுக்காத பனியன் துணி ஐந்து சதவீதம் சுருங்குவது சாதாரணம். 28 அங்குல நீளச் சட்டையில் அது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். உயரமானவர்கள் கை தூக்கினால் வயிறு தெரியும்.

என் சைஸ் எல்-லா எக்ஸ்எல்-லான்னு எனக்கே தெரியல அக்கா. எதைப் போடட்டும்?

இந்தக் கேள்விதான் மொத்த வேலையின் உயிர். எம், எல், எக்ஸ்எல் என்பவை கடைக்குக் கடை மாறும். ஒருவரின் எல் 40 அங்குலம், இன்னொருவரின் எல் 42. அதனால் எழுத்தைக் கேட்காதீர்கள், அங்குலத்தைக் கேளுங்கள்.

உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு டீ-ஷர்ட்டை எடுங்கள். கட்டிலில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். ஒரு பக்க அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே டேப்பை வைத்து மறுபக்கம் வரை அளந்து, அதை இரண்டால் பெருக்குங்கள். அதுதான் மார்பளவு. அப்புறம் தோளில் கழுத்துப் பட்டி தொடங்கும் இடத்திலிருந்து கீழ் விளிம்பு வரை நீளம். இந்த இரண்டு எண்ணும் போதும். வீட்டில் டேப் இல்லையென்றால் ஒரு நூலால் அளந்து, நூலை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அச்சகம் தரும் அளவு அட்டவணையில் உங்கள் எண்ணுக்கு நெருங்கியது எதுவோ அதைப் போடலாம். இரண்டுக்கும் நடுவில் வந்தால் பெரியதைப் போடுங்கள். இறுக்கமான சட்டை ஒருமுறை போட்டதோடு பீரோவுக்குள் போய்விடும். சற்றுத் தொளதொளப்பானது வீட்டிலாவது உழைக்கும்.

குழந்தைகளுக்கு 22, 24, 26 என்று எண்ணில்தான் சைஸ் வரும். வயதைச் சொல்லி வாங்காதீர்கள், அதே முறையில் அளந்து சொல்லுங்கள்.

லேடீஸுக்குத் தனி கட்டிங் உண்டா? பெரிய சைஸுக்கு ஏன் அதிகமா காசு கேக்குறாங்க?

தனி கட்டிங் உண்டு, ஆனால் இடுப்பில் பிடிக்கும், கை குட்டையாக இருக்கும், அதே எல் என்று போட்டாலும் சின்னதாக வரும். எங்கள் குழுவில் பெரும்பாலான பெண்கள் பொதுவான கட்டிங்கையே கேட்கிறார்கள். இரண்டையும் பட்டியலில் வைத்து அவரவரைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். ‘லேடீஸ்னா இதுதான்’ என்று நாமாக முடிவு செய்வது நல்லதல்ல.

டபுள் எக்ஸ்எல்லுக்கு மேல் துணி அதிகம், தைப்பதும் குறைவு, அதனால் கடையில் கூடுதல் கேட்பார்கள். அந்தக் கூடுதலை அந்த உறுப்பினர் தலையில் கட்டாதீர்கள். மொத்தச் செலவைக் கூட்டி எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்குச் சில ரூபாய்தான் ஏறும். உடல் பெரிதாக இருப்பதற்கு ஒருவர் குழுவில் அபராதம் கட்டக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எம்.சி. ரோட்லயே பிளெய்ன் டீ-ஷர்ட் வாங்கி அடிச்சா சீப்பா முடியாதா? எதுக்குத் திருப்பூர்?

முப்பது சட்டைக்குள் என்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு தாராளமாகப் போதும். கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு வரலாம். ஆனால் எல்லா சைஸும் ஒரே லாட்டில் (ஒரே தடவையில் சாயம் போட்டதில்) இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பிலேயே பல கறுப்பு உண்டு. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும், குரூப் போட்டோவில் பல்லை இளிக்கும். பத்து நாள் கழித்து இன்னும் ஐந்து வேண்டுமென்று போனால் அதே துணி இருக்காது.

ஐம்பதுக்கு மேல் போனால் திருப்பூரில் விலை கேளுங்கள். துணி, தையல், அச்சு எல்லாம் ஒரே ஊரில் முடியும். சைஸ் கணக்காக வரும், பார்சலும் ஓரிரு நாளில் வந்துவிடும். ஆனால் சட்டையை நேரில் பார்க்காமல் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் சாம்பிள் இல்லாமல் போகாதீர்கள்.

ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் தெரிந்தவரிடமே இதையும் கொடுத்துவிடலாமா என்று ஓர் அண்ணன் கேட்டார். காகிதத்தில் ஸ்கிரீன் அடிப்பது வேறு, பனியன் துணியில் அடிப்பது வேறு. மை வேறு, சூடு காட்டும் மெஷினும் வேண்டும். துணிக்கு என்று செய்பவரிடமே கொடுங்கள்.

டிசைன்ல தமிழ் எழுத்து உடைஞ்சு வருது. மொபைல்ல சரியாத்தானே இருந்துச்சு?

உங்கள் மொபைலில் இருப்பது யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) எழுத்து. அச்சகத்தில் இருப்பது பல சமயம் கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பு, அதில் பாமினி மாதிரி பழைய எழுத்துரு. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அவர்கள் அப்படியே ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். ‘கொருக்குப்பேட்டை’ என்று அடிக்கச் சொல்லிப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை இல்லை. ‘கொ’வில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போயிருக்கிறதா, ‘பே’யின் கொம்பு இடம் மாறியிருக்கிறதா, கடைசி ‘டை’ முழுசாக இருக்கிறதா, மூன்று புள்ளிகளும் அதனதன் தலைமேல் இருக்கின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். அடிப்பவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் இந்தப் பிழை அவர் கண்ணில் படவே படாது. அவர்மேல் கோபப்பட்டும் பயனில்லை.

தீர்வு எளிது. டிசைன் செய்பவரே எழுத்துகளை வடிவங்களாக மாற்றி (கோரலில் ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’ என்பார்கள்) பிடிஎஃப்-ஆகக் கொடுக்க வேண்டும். அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து அசையாது. எழுத்துருவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மீரா இனிமை, பவனம், கட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சுக்கும் பயன்படுத்தலாம்.

எழுத்தின் அளவும் முக்கியம். பொடியாகப் போட்டால் ‘ஞ’, ‘ண’, ‘ஜ’ போன்றவற்றின் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். டிசைனை உண்மையான அளவில் வெள்ளைத் தாளில் பிரிண்ட் எடுத்து, நெஞ்சில் வைத்து, ஆறடி தள்ளி நிற்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் திணறினால் பெரிதாக்குங்கள்.

என்ன படம் போடலாம்? ஆளுக்கொண்ணு சொல்றாங்களே!

சொல்லட்டும். ஒரு வாரம் கெடு வைத்து வாங்குங்கள், மூன்றாகக் குறையுங்கள், வாக்கெடுத்து முடியுங்கள். முடிந்தபின் திரும்பத் திறக்காதீர்கள்.

என் விருப்பம், தூரத்திலிருந்து பார்த்தாலே நம் ஊர் என்று தெரியும் கோட்டோவியம். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசை ஒரே நிறத்தில் அருமையாக வரும். காசிமேட்டுப் படகின் முகப்பு, கேரம் போர்டின் நடு வட்டம், எண்ணூர்ப் புகைபோக்கிகள், எல்லாமே ஒற்றை ஸ்கிரீனில் அடங்குபவை. பின்னி மில்லை வரையலாம் என்று பெரம்பூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1876-இல் பக்கிங்காம் மில்லாகத் தொடங்கி 1996-இல் மூடிய அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். துணி நெய்த ஊருக்கு அதைத் துணியிலேயே போடுவது மிகப் பொருத்தம்.

ஹீரோ படம், ஃபுட்பால் கிளப் லோகோ, தேசியக் கொடி போட்டா யாராவது கேப்பாங்களா?

கேட்கிறார்களோ இல்லையோ, நமக்கு உரிமை இல்லாததைப் போட வேண்டாம். படக்காட்சியும் கிளப் லோகோவும் பிறர் சொத்து. ‘லாபம் இல்லாம குரூப்புக்குத்தானே’ என்பது பாதுகாப்பு ஆகாது. இணையத்தில் எடுத்த பழைய புகைப்படமும் அப்படித்தான். நம் நாட்டில் ஒரு புகைப்படத்துக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும் அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு.

தேசியக் கொடியை உடைத் துணியில் அச்சிடுவது தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971-இன்படி அவமதிப்பில் சேரும். நான்முகச் சிங்கச் சின்னத்துக்கு 2005-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. சாதி, கட்சி அடையாளங்களும் எங்கள் குழுச் சட்டையில் கிடையாது. எல்லோரும் ஒன்றாகப் போட்டு நிற்கும் சட்டை அது.

காசு முன்னாடியே கட்டணுமா? சட்டை வந்ததும் தரேனே.

முழுப் பணமும் முன்னாடியே. ‘வந்ததும் தரேன்’ என்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்தான், தந்துவிடுவார்கள். ஆனால் அதுவரை அந்தப் பணத்தை யாரோ ஒருவர் தன் கையிலிருந்து போட வேண்டும். அவர் வீட்டு வாடகையும் அதிலேயே இருக்கலாம். பணம் வந்தால்தான் பட்டியலில் பெயர், இது யாருக்கும் மாறாது.

யுபிஐ-இல் அனுப்பும்போது குறிப்பில் பெயரையும் சைஸையும் எழுதச் சொல்லுங்கள். மனைவி நம்பரிலிருந்தும் நண்பர் நம்பரிலிருந்தும் பணம் வரும், பெயர் இல்லையென்றால் யாருடையது என்றே தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல் வங்கிக் கணக்கில் வந்ததா என்று பார்த்துவிட்டு டிக் அடியுங்கள்.

பட்டியல் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி: பெயர், ஊர், தொகை, திறந்த கணக்கு. கடைசியில் கடை பில், அச்சு பில், பார்சல் கூலி எல்லாவற்றையும் படமெடுத்துப் போட்டு, மீந்தது இவ்வளவு என்று எழுதிவிடுங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே போடுங்கள்.

இந்த மாசம் கை டைட்டு. ஆனா எல்லாரும் போடும்போது நான் மட்டும் இல்லாம இருக்கணுமா?

இருக்க வேண்டாம். கணக்குப் பார்ப்பவருக்குத் தனியாக ஒரு மெசேஜ் போதும். விருப்பப்பட்டவர்கள் கூடுதலாக அனுப்பும் தொகையில் சில சட்டைகளுக்குப் பணம் கட்டிவிடுவோம். மேலே சொன்ன திறந்த பட்டியலில் அப்படிச் சட்டை பெறுபவர்கள் பெயருக்கு நேராகவும் மற்றவர்களைப் போலவே ‘கட்டியாயிற்று’ என்றுதான் இருக்கும். யாருக்கு யார் கட்டினார்கள் என்பது குழுவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

ஜிஎஸ்டி வேற போடுறாங்களே, பில் இல்லாம வாங்கினா மிச்சம்தானே?

2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு வரி 5 சதவீதம்தான். 300 ரூபாய்ச் சட்டைக்கு 15 ரூபாய். பில் இருந்தால்தான் துணி மாறி வந்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ கேட்க முடியும். பத்துப் பேர் பணத்தைக் கையாள்பவருக்கு பில்தான் துணை.

தீபாவளிக்குப் போடுற மாதிரி அக்டோபர்ல ஆர்டர் குடுக்கலாமா?

வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் திருப்பூரில் எல்லோரும் தலைக்கு மேல் வேலையில் இருப்பார்கள், பண்டிகைக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் திரும்பிவரச் சில நாள் ஆகும். எம்.சி. ரோட்டில் அப்போது நிற்கவே இடம் இருக்காது. மழையும் அந்த நேரத்தில்தான். ஈரக் காற்றில் ஸ்கிரீனும் மையும் காய நேரம் எடுக்கும், தண்ணீர் நிற்கும் தெருக்களில் பார்சல் வராது. பொங்கல் முடிந்து பிப்ரவரியிலோ, ஆடி மாதத்திலோ கொடுத்தால் நிதானமாக அடித்துத் தருவார்கள். தீபாவளிக்குக் கையில் இருக்க வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

சாம்பிள் கட்டாயம் பார்க்கணுமா? போட்டோ அனுப்பினா போதாதா?

போட்டோ போதாது. ஒரு சட்டையை முழுதாக அடித்து வாங்கி, ஒரு நாள் பொறுத்து, துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். சுருக்கம், சாயம், அச்சு மூன்றும் அதில் தெரிந்துவிடும். அச்சின் மேல் இரண்டு கட்டைவிரல்களை வைத்து மெதுவாக இழுங்கள். மை வெடித்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம்.

துபாய்ல இருக்கேன், எனக்கு எப்படி வரும்? பெங்களூர் பசங்களுக்கு?

இந்தியாவுக்குள் ஸ்பீட் போஸ்ட். 180 ஜிஎஸ்எம் சட்டை ஒன்று சுமார் 200 கிராம் இருக்கும், அதனால் 500 கிராமுக்குள் இரண்டு அடங்கும். ஒரே ஊரில் இருக்கும் இருவர் சேர்த்து வாங்கிக்கொண்டால் கூலி குறையும். அனுப்பும் செலவு அவரவருடையது. வெளிநாட்டுக்கு பார்சல் கூலி சட்டை விலையைத் தாண்டிவிடும். பெயர் ஒட்டிய கவரில் எடுத்து வைத்திருப்போம், ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரே நாள், ஒரே இடம். தண்டையார்பேட்டை மெட்ரோ பக்கம் வைத்தால் விம்கோ நகரிலிருந்தும் சென்ட்ரல் பக்கமிருந்தும் ஒரே ரயிலில் வந்துவிடலாம். சட்டைகளை சைஸ் வாரியாகக் கொண்டுபோகாமல், முந்தின நாளே பெயர் வாரியாகக் கட்டி வையுங்கள்.

போட்டுப் பார்த்தேன், சின்னதா இருக்கு. மாத்தித் தருவீங்களா?

நீங்கள் கொடுத்த அளவுக்குச் சட்டை சரியாக வந்திருந்தால் அச்சகம் மாற்றாது. அட்டவணைக்கு மாறாக வந்திருந்தால் மாற்றித்தரச் சொல்வது எங்கள் பொறுப்பு. அதற்குத்தான் பில். சட்டை கொடுக்கும் நாளிலேயே அங்கேயே போட்டுப் பாருங்கள். எல் வாங்கியவருக்கு எக்ஸ்எல் வேண்டும், எக்ஸ்எல் வாங்கியவருக்கு எல் வேண்டும் என்று அந்த இடத்திலேயே பலர் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். முதுகில் பெயர் அடிக்க வேண்டாம் என்று நான் தடுப்பது இதனால்தான்.

துவைக்கிறதுல ஏதாவது கவனிக்கணுமா?

உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவையுங்கள். துவைக்கிற கல்லில் அடிக்க வேண்டாம், அச்சின் மேல் பிரஷ் வேண்டாம். முதல் தடவை மற்றத் துணியோடு ஊற வைக்காதீர்கள். அச்சின் மேல் நேராக அயர்ன் வைக்கக் கூடாது, நிழலில் காய்ந்தால் நிறம் நீடிக்கும்.

நம்ம டிசைனை வேற யாரோ அடிச்சு விக்கிறாங்க அக்கா! என்ன பண்றது?

முதலில், டிசைன் யாருடையது என்று பாருங்கள். குழு உறுப்பினர் அன்புக்கு வரைந்து கொடுத்திருந்தால் அதன் காப்புரிமை அவருடையதுதான். காசு வாங்கிக்கொண்டு வரைந்திருந்தால், உரிமை யாருக்கு என்பது படத்தின் வகையையும் பேசிக்கொண்டதையும் பொறுத்தது. அதனால் தொடக்கத்திலேயே அவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: எத்தனை தடவை அடிக்கலாம், மறுபடி அடிக்க அவரைக் கேட்க வேண்டுமா, பின்கழுத்தில் சின்னதாக அவர் பெயர் போடலாமா என்று. நாங்கள் வரைந்தவர் பெயரைப் போடுகிறோம், அவருக்கு ஒரு சட்டையும் தருகிறோம். உழைத்தவருக்கு அது குறைந்தபட்சம்.

வெளியாள் விற்பது தெரிந்தால், வரைந்தவர் பெயரில், மூலக் கோப்பும் தேதியும் இணைத்து, நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். ஆன்லைன் விற்பனைத் தளம் என்றால் அங்கேயே புகார் கொடுக்க வழி உண்டு. அந்த ஆளின் படத்தைக் குழுவில் போட்டுத் திட்ட வேண்டாம். அச்சகத்துக்கு அனுப்பிய மூலக் கோப்பைப் பொதுக் குழுவில் பகிராமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது. குழுவில் போடுவதற்குச் சின்ன அளவுப் படம் போதும்.